கடைசியில் நிற்க வேண்டிய -lm

1. லொறி வருது

"வெள்ளிக்கிழமை லொறியோட நானே வர்றேன். மெஷினைக் கட்டி வச்சிருங்க. தோட்டத்துல செக்ரோல் எழுதினவருக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

டெலிபோனில் பேசியவர் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் கம்பியூட்டர் அதிகாரி. எண்பதுகளின் கடைசி அது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு நீர்த்தேக்க அலுவலகத்தில் நான் கிளார்க். அதற்கு முன் றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று, செக்ரோலில் ஆட்களின் பேர் பதிந்தவன். C மொழியை ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே படித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அணைக்கு மேலே வழியும் தண்ணீரின் உயரத்தைக் கொடுத்தால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லும் புரோகிராம் எழுதியிருந்தேன். கணக்கில் வர்க்கமூலம் வரும், அதனால் sqrt. கம்பைல் செய்தால் ஒரே வரி:

Undefined: _sqrt

math.h போட்டுத்தான் இருந்தேன். ஆனால் அது, sqrt என்று ஒன்று உண்டு என்று மட்டும்தான் சொல்லும். சரக்கு இருப்பது மெத்ஸ் லைப்ரரியில்; அதைச் சேர்க்கச் சொல்லும் குறிதான் -lm. "-lm குடுங்க" என்று கொழும்பு அதிகாரி சொன்னார். கொடுத்தேன்:

cc -lm flow.c

மறுபடியும் அதே வரி. உங்கள் மெஷினில் லைப்ரரியே இல்லை, அதைக் கொழும்புக்கே எடுத்துப் போகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மெஷின் போனால் நான் பழையபடி டைப்ரைட்டருக்குத்தான்.

2. பெரட்டு

எங்கள் என்ஜினியர் சிங்களவர், என்னோடு தமிழில்தான் பேசுவார். வியாழக்கிழமை காலை மேசைக்கு வந்தார்.

"லைப்ரரி இல்லியா?"

"இருக்குங்க ஐயா. ஃபைலைக் கண்ணால பார்த்தேன்."

"இருக்கிற சாமான ஏன் எடுக்குது இல்ல?"

அந்தக் கேள்வியில்தான் பொறி தட்டியது. தோட்டத்தில் ஒரு நாள், எந்த மலையில் என்ன வேலை என்று மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா சொல்வதற்கு முன்பே ஒரு கங்காணி ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "இப்ப வேலை இல்ல, போங்க" என்றதும் அவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு வேலை வந்தது, ஆள் இல்லை.

புரோகிராமையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கரும் அப்படித்தான், கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகிறது. -lm வரும்போது sqrt வேண்டுமென்று யாரும் கேட்டிருக்கவில்லை, அதனால் எதையும் எடுக்காமல் தாண்டிவிடுகிறது. அடுத்து flow.c வந்து கேட்கும்போது கொடுக்க ஆள் இல்லை. இடத்தை மாற்றினேன்:

cc flow.c -lm

ஒரு முறைப்பாடும் இல்லாமல் முடிந்தது.

3. வெள்ளிக்கிழமை

அதிகாரி வந்ததும் தானே ஒரு உயரத்தைத் தட்டினார். வந்த விடையை என்ஜினியரின் கையெழுத்து அட்டவணையோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. இன்னொன்று தட்டினார். அதுவும் சரி.

"எப்பிடிங்க செஞ்சீங்க?"

"-lm கடைசியில நிக்கணுங்க ஐயா. கேக்கிற ஃபைல் முதல்ல வரணும்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்லீங்க. பெரட்டுல பார்த்தது."

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நான் சொன்ன வரியை எழுதிக்கொண்டார். இன்று C படிக்கையில் இதே பிழையோடு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, -lm எங்கே நிற்கிறது என்றுதான். செக்ரோல் எழுதியவன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அன்று லொறி மெஷின் இல்லாமல் காலியாகத்தான் ஹட்டனுக்கு ஏறியது.