கப்பலடிக்குப் போன வெறும் வான்

கோப்பாயிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓட்டுகிறவன் போகும்போது காற்றை ஏற்றிக்கொண்டு போவான், வரும்போது கனடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளுக்கு நடுவில் மூச்சு விட இடமில்லாமல் வருவான். இதே தொழிலில் இடுப்பொடிந்த நண்பர்களுக்கும், பின் சீற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்து எங்களைத் திட்டியவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. போகிற வெறும் வானில் யாராவது ஏறினால் டீசலுக்காவது உதவும் என்று நான் ஆட்களை ஏற்றுவதுண்டு. பரீட்சை எழுதப் போன பிள்ளைகள், கண் காட்டப் போன கிழவர்கள், ஒருமுறை கூண்டோடு ஒரு கிளி. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு வியாழக்கிழமை கொழும்புத் துறைமுகத்தடியில் கொண்டுபோய் விட்ட குடும்பம் மட்டும் என் மனதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

சில்லு உருளத்தானே போகுது

செல்லத்துரை ஐயா எங்கள் அடுத்த ஒழுங்கை. வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அவருடைய ஒரே மகன் ரமணன் ஓர் உல்லாசக் கப்பலின் சமையலறையில் வேலை செய்கிறான். அவன் புறப்பட்டபோது மனைவி சுகந்திக்கு நாலு மாதம். பெண் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுகூட முடியவில்லை, அதற்குள் கப்பல் ஒரே ஒரு பகல் கொழும்புக்கு வருகிறது என்று செய்தி வந்துவிட்டது. மத்தியானச் சமையல் முடிந்ததும் அவனைக் கொஞ்ச நேரம் வெளியே விடுவார்களாம். அதற்குப் பிறகு கப்பல் வேறு திசைக்குப் போய்விடும். இதைத் தவறவிட்டால், அவன் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வரும்போது பிள்ளை முற்றத்தில் ஓடித் திரியும்.

பச்சைப் பிள்ளையோடு பஸ்ஸில் போக முடியாது. தனி வான் பிடிக்க வசதி இல்லை. போவதற்கு என் வெறும் வான், திரும்புவதற்கு ரயில் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஐயா என் வீட்டுப் படலையைத் திறந்தார். நான் வழக்கமான வாடகையில் பாதி சொன்னேன். அவர் அதிலும் பாதி சொன்னார், மிச்சத்துக்கு வெங்காயம் தருவதாகச் சொன்னார். நான் தலையைச் சொறிந்தேன். பேரம் பேசுகிற ஆளின் குரலாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். அவர் குரல் கெஞ்சுவதற்கும் சண்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

“தம்பி, நீர் எப்பிடியும் போறனீர்தானே. நாங்கள் ஏறினாலும் சில்லு உருளத்தான் போகுது, ஏறாட்டிலும் உருளத்தான் போகுது.”

முறிகண்டியில் இறங்காத பயணிகள்

விடியப் புறப்பட்டோம். முன் சீற்றில் ஐயா. நடுச் சீற்றில் பிள்ளையோடு சுகந்தி, பக்கத்தில் அவளுடைய அக்கா. சுகந்திக்குத் தாய் தகப்பன் இல்லை, பேறு பார்த்தது அக்காதான். பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு மருந்து கரைத்த போத்தல், பத்தியச் சாப்பாடு, பிள்ளையின் துணி மூட்டை, காவலுக்கு ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் என்று அக்கா ஒரு சின்ன ஆஸ்பத்திரியையே ஏற்றியிருந்தார்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் நான் அந்த வழியால் போனதே இல்லை. வானை நிறுத்தினேன். ஒருவரும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வானுக்குள் இருப்பவர்கள் பிள்ளை பிறந்த துடக்குக்காரர், கோயில் பக்கம் போகக் கூடாது. அவர்களோடு ஒரே வானில் வந்த நான் போகலாமா? அக்கா கூடாது என்றார். ஐயா போகலாம் என்றார். நான் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கடைசியில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காலைக் கழுவிக்கொண்டு போனேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேரும் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வர ஐயா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

“நாங்கள் ஏன் இறங்கேல்லை எண்டு பிள்ளையாருக்குத் தெரியும் தம்பி. கச்சான்காரிக்குத் தெரியாது, நீர் போய் ஒரு சரை வாங்கி வாரும்.”

மெதுவா, வேகமா

அந்த ஒரு சரைக் கச்சான் கடலையைக் கொறித்து முடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு உச்சி இன்னும் பொருந்தவில்லை, வானைக் குலுக்கக் கூடாது என்பது அக்காவின் கட்சி. கப்பல் போய்விடும் என்பது ஐயாவின் கட்சி. சாரதிக்கு இருப்பது ஒரே கால், ஒரே அக்சிலேற்றர். ஒரு பள்ளத்தில் மெதுவாக இறங்கினால் ஐயா பெருமூச்சு விடுவார். நேர்ப் பாதையில் கொஞ்சம் அழுத்தினால் பின்னால் இருந்து “பிள்ளை! பிள்ளை!” என்று சத்தம் வரும். என்னை மண் ஏற்றிய ஓர் உழவு மெசின்கூட முந்திக்கொண்டு போனது. அதன் சாரதி திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

வவுனியா தாண்டியபோது எனக்கு வெறுத்துப் போய்விட்டது. வானை ஓரம் கட்டி, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தபிறகு ஓடுகிறேன் என்று சொன்னேன். அதுவரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்த சுகந்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தபின் என் கோபம் போய்விட்டது. இரவு முழுக்க அவள் நித்திரை கொள்ளவில்லை என்பது தெரிந்தது.

“அண்ணை, நீங்கள் ஆரின்ரை சொல்லையும் கேக்காதேங்கோ. நான் சொல்லுறன். பிள்ளை நித்திரை எண்டால் வேகமா ஓடுங்கோ, முழிச்சால் மெதுவா ஓடுங்கோ.”

மரத்துக்குக் கீழே

துறைமுக மதிலுக்கு மேலே கப்பல் தெரிந்தது. மாடி மாடியாக, வெள்ளை வெளேரென்று. அக்கா அதைப் புது ஹோட்டல் என்று நினைத்து, கடலுக்கு இவ்வளவு கிட்டவா கட்டுவார்கள் என்று கேட்டார். கப்பல் அதுதான் என்று சொன்னதும் சுகந்தி பிள்ளையைத் தூக்கி யன்னலோடு பிடித்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை, ரமணன்தான் வெளியே வர வேண்டும். வாசலுக்கு எதிரே வானை நிறுத்திய கையோடு ஒரு பொலிஸ்காரர் வந்து கண்ணாடியில் தட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களம் டீசல் அடிக்கவும் தேத்தண்ணி குடிக்கவும்தான் போதும். கப்பலைக் காட்டினேன், பிள்ளையைக் காட்டினேன், சுகந்தியின் நெற்றியில் இருந்த குங்குமத்தைக் காட்டினேன். கதை அவருக்கு விளங்கியது என்றே நினைக்கிறேன். தலையை உள்ளே நீட்டிப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு எனக்காகத் தன்னுடைய தமிழைத் தேடி எடுத்தார்.

“ஐயோ, சின்ன பேபி. வெயில் போட வேணாம், அந்த மரம் கீழ போடு.”

பக்கத்திலை

காத்திருக்கும்போதுதான் போன் அடித்தது. நான் ஏற்ற வேண்டிய கனடாக்காரர். விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். சாமான் எடுத்து, வெளியே வந்து, வெயிலில் நிற்கிறாராம். எங்கே நிற்கிறீர் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் உள்ள ஒரே பதிலை நானும் சொன்னேன்: பக்கத்தில்.

அவர் விடாமல் எந்தப் பக்கத்தில் என்று கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று பச்சைப் பிள்ளை, கப்பல், வெளியே வராத தகப்பன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டு விழப் போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“ஐசே, உந்தப் ‘பக்கத்திலை’யை எனக்குச் சொல்லாதையும், நானும் ரொறன்ரோவிலை ராக்ஸி ஓடினனான். பிள்ளையைக் காட்டிப்போட்டு வாரும், நான் ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

ராகுகாலம்

ஒன்றே முக்கால் இருக்கும், ரமணன் வாசலால் ஓடி வந்தான். கறுப்புக் கட்டம் போட்ட சமையல் காற்சட்டை, மேலே ஒரு ரீசேட். எங்கள் வானை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வந்தவனைச் செல்லத்துரை ஐயா வான் கதவுக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றார். யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்லி உள்ளே கட்டளை போனது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை ராகுகாலம். தகப்பன் பிள்ளையின் முகத்தை முதன்முதல் அந்த நேரத்தில் பார்க்கக் கூடாதாம். மூன்று மணிக்குக் கதவைத் திறப்பாராம். ரமணனுக்கு முகம் செத்துவிட்டது. அதே மூன்று மணிக்கு அவன் கப்பலுக்குள் நிற்க வேண்டும்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எட்டு மணித்தியாலம் ஓடி வந்தது திரைச்சீலையைக் காட்டவா என்று கேட்க வாயெடுத்தேன். ஐயாவின் கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது, மற்றக் கை அக்கா கொடுத்த எலுமிச்சம்பழத்தை நெஞ்சோடு பிடித்திருந்தது. முப்பத்தொன்று கழியமுன் பிள்ளையை வெளியில் எடுக்க அவர் சம்மதித்ததே பெரிய காரியம். ஒன்றை விட்டுக்கொடுத்த மனுசன், பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே பிள்ளை சிணுங்கிய சத்தம் கேட்டது. ரமணன் அந்த இடத்திலேயே சிலையாக நின்றான். அவன் மகளின் குரலை நேரே கேட்டது அதுதான் முதல் தடவை. சுகந்தி திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள், அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ரமணன் இடது கையை நீட்டி மணிக்கூட்டைத் தகப்பனுக்குக் காட்டினான். கப்பல் தாய்லாந்துப் பக்கத்தால் வந்ததாம், கப்பலில் நேரத்தை இன்னும் மாற்றவில்லையாம், இங்கத்தை நேரத்தைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறதாம். அதில் மூன்றேகால். ஐயா மடையர் அல்ல. ராகுகாலம் சூரியனோடு போவது, கைமணிக்கூட்டோடு போவதல்ல என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மணிக்கூட்டைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “உந்த மணிக்கூட்டைப் பாத்தோ நீ சமைக்கிறனி?” என்று கேட்டார். ஓம் என்றான். “உதைப் பாத்தோ படுக்கிறனி?” ஓம் என்றான். ஐயா கதவை விட்டு விலகினார்.

“அப்ப உன்ரை நேரம் உதுதான். போய்ப் பார்.”

மிச்சம்

ஏறுவதற்கு முன் அவன் என்னிடம் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கையைக் கழுவினான். மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். திரும்பவும் கழுவினான். கப்பலில் அவனுக்குச் சமையல் இல்லை, வெங்காயம் உரிக்கிற வேலை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டுக்குச் சமையல்காரன் என்றுதான் சொல்லியிருந்தான். ஐயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வெங்காய மணம் ஒன்றும் செய்யாது, ஏறு என்றார்.

அக்கா கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளையை அவன் கையில் வைத்தார். நான் வெளியே போய் நின்றேன். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் பிள்ளையைப் பார்த்தான், சுகந்தி அவனைப் பார்த்தாள். அவள் கொண்டுவந்த புட்டை அவனுக்கு ஊட்டிவிட்டாள், அவன் கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறந்தான். பிள்ளையோ சிணுங்கி முடித்து நல்ல நித்திரை. உள்ளங்காலைத் தொட்டான், கன்னத்தைத் தொட்டான், அது முகத்தைச் சுளித்துக்கொண்டு தூங்கியது. எழுப்பட்டுமா என்று சுகந்தி கேட்க, வேண்டாம் என்று தலையாட்டினான். நேரம் முடிந்தது. கடைசிவரை பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை.

வாசல் வரை நான்தான் அவனோடு நடந்து போனேன். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளை கண் முழிக்கவில்லையே தம்பி என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் அவவைப் பாத்திட்டன் அண்ணை. அவ என்னைப் பாக்கிறதுதான் மிச்சம் கிடக்கு, அதுக்கு நான் வந்துதானே ஆகவேணும்.”

ஓடின தூரத்துக்குத்தான் காசு, காத்து நின்றதற்கு ஒரு சதமும் தருகிறார்கள் இல்லை என்று ஊர் முழுக்கப் புறுபுறுத்துத் திரிகிற நான், அந்த மரத்துக்குக் கீழே நின்றதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் குறை சொன்னதில்லை.