முதுகு சார்

“அவன் செத்தாலும் சரி, நான் செத்தாலும் சரி, இனிமே அவன் என் முதுகைத்தான் பார்ப்பான். மூஞ்சியைப் பார்க்கவே மாட்டான்!”

ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்று இந்தச் சபதத்தை உலகுக்கு அறிவித்த நாளிலிருந்து, ஆண்டுதோறும் இசை விழாத் திடலின் முன்வரிசைக்கு வந்து, மடக்கு நாற்காலியை விரித்து, மேடைக்கு முதுகு காட்டும்படி அதைத் திருப்பி வைத்து, தூசி தட்டி உட்காருகிறார் அவர். டிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். புறக்கணிப்பதென்றால் கண்ணுக்குத் தெரியும்படி புறக்கணிக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். “வீட்டுல உக்காந்து புறக்கணிச்சா எவனுக்குத் தெரியும்? தூங்குறான்னு நினைச்சுக்குவான்.”

முதுகு சார் என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். தொழில், பல் செட் செய்வது. கடையின் பின்னறையில், மேசை நிறைய யார் யாருடைய தாடைகளோ சிரித்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் அரம் தேய்த்துக்கொண்டிருப்பார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் வாயைத்தான் பார்ப்பார். “மேல் வரிசை நம்ம வேலை” என்று முனகிவிட்டு, அப்புறம்தான் ஆள் யாரென்று யோசிப்பார்.

விழாவில் பக்கத்து நாற்காலி அவர் மனைவியுடையது. அது மேடையைப் பார்த்து இருக்கும். ரயிலில் எதிரெதிர் இருக்கைக்காரர்கள் போல இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

“யாரு பாடுறது?”

“திரும்பிப் பாத்தா தெரியும்.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அந்தக் கொள்கைக்கு ரெண்டு டிக்கெட்டு. நல்லா இருக்குங்க.”

பெட்டி மேல் ஏறிச் சபதம் செய்ய வேண்டி வந்தது எதனால் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் இந்தத் திடல் வெறும் புல்வெளி. நாலு பீப்பாய் மேல் பலகை போட்டால் மேடை. ஒரே ஒரு ஜெனரேட்டர். அது இருமினால் பாட்டு நிற்கும். நின்ற இடத்திலிருந்து கூட்டமே பாடி முடித்துவிடும். மழை பெய்தால் பாடகர்களும் ரசிகர்களும் மேடைக்கு அடியில் ஒன்றாக ஒடுங்குவார்கள். அங்கே நடந்த கச்சேரிதான் மேலே நடந்ததைவிட நன்றாக இருந்தது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த மேடையின் ராஜா, கட்டைக்குரல் என்று பேர் வாங்கிய ஒரு பாடகர். மெட்டு அவருடையது, வரிகள் நம்முடைய முதுகு சாருடையது. இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். இவர் மிதிப்பார், அவர் கிதாரைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். “அப்பவும் அவர் பாத்தது உங்க முதுகைத்தானே, இதுல புதுசா என்ன தண்டனை?” என்று மனைவி ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்கு இயக்கம் இன்றுவரை பதிலளிக்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு சாயத் தொழிற்சாலை இருந்தது. அங்கே என்ன நிறம் காய்ச்சினார்களோ அந்த நிறத்தில் ஆறு ஓடும். இருவரும் அதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஊரே பாடியது. அடுத்த ஆண்டு விழாச் செலவைத் தொழிற்சாலையே ஏற்றுக்கொண்டது. மேடை ஏறுவதில்லை என்று நண்பர்கள் இருவரும் கை அடித்துக்கொண்டார்கள். விழாவன்று மாலை கட்டைக்குரல் மனம் மாறினார்.

“கீழ நின்னு கத்தினா பத்துப் பேருக்குக் கேக்கும். மேல ஏறிப் பாடினா முதலாளிக்கே கேக்கும்டா.”

“அவன் மைக்குல அவனையே திட்டுவியா?”

“பின்ன, உன் பல் செட்டைக் கடிச்சுக்கிட்டா திட்டுறது?”

முதலாளிக்கு நன்றாகவே கேட்டது. கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு ரசித்தார். பாட்டு முடிந்ததும் மேடையேறிப் பூங்கொத்து கொடுத்தார். கட்டைக்குரல் வாங்கிக்கொண்டார். கீழே ஒருவர் காலிப் பெட்டி தேட ஆரம்பித்தார்.

சாயத் தொழிற்சாலையை மூடி வெகுகாலம் ஆகிறது. அதன் பிறகு ஒரு வங்கி விழாவுக்குப் பணம் கொடுத்தது, பிறகு ஒரு செல்போன் நிறுவனம், இப்போது தண்ணீர் பாட்டில் நிறுவனம். முதலாளிகள் மாறினாலும் முதுகு மாறவில்லை. ஒரே ஒரு ஆண்டுதான் தடுமாறியது. விழாக் குழு எதிரெதிராக இரண்டு மேடை போட்டுவிட்டது. ஒன்றுக்கு முதுகைக் காட்டினால் இன்னொன்றுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். அவர் நாள் முழுவதும் பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டுக்கும் ஆளுக்கொரு தோளைக் காட்டினார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. போராட்ட வரலாற்றில் அது ஒன்றுதான் விழுப்புண்.

செல்போன் வந்த பிறகு இயக்கம் எதிர்பாராத வளர்ச்சி கண்டது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மேடைக்கு முதுகைத் திருப்பி நிற்கத் தொடங்கினார்கள். முதன்முதலில் அதைக் கண்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா, விதைச்சது முளைச்சிடுச்சு!” என்றார். “முதுகைக் காட்டி நின்னாத்தாங்க மூஞ்சியும் மேடையும் ஒரே போட்டோவுல விழும்” என்றார் மனைவி.

இப்போது விழாக் குழுவே ‘எதிர்ப்பு முற்றம்’ என்று ஒரு பந்தல் போட்டிருக்கிறது, தண்ணீர் நிறுவனத்தின் உபயத்தில். கன்னத்தில் முழக்கம் எழுதிவிடுகிறார்கள். கைப்பட்டை இலவசம். மாற்றுக் கருத்துக்காரர்களுக்குச் சாய்வு நாற்காலியும் உண்டு. இந்த ஆண்டு அங்கிருந்து ஒரு பெண் கைப்பட்டைகளோடு அவரிடம் வந்தாள்.

“சார், நீங்க எதுக்கு எதிர்ப்பு? எதுன்னு சொன்னா அந்தக் கலர் குடுப்பேன்.”

“ஆத்துக்காகம்மா.”

“எந்த ஆறு சார்?”

“கார் நிறுத்துற இடத்துக்கு அந்தாண்ட. இப்போ மேல கான்கிரீட் மூடி போட்டிருக்காங்க.”

அவள் சற்று யோசித்து நீலத்தைக் கொடுத்தாள். தான் பார்த்த ஆறு எந்த நாளில் எந்த நிறத்தில் ஓடியது என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவர் நீலப் பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி காலையிலிருந்தே மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தார். “கட்டைக்குரல் அண்ணனுக்கு மறதி வந்துடுச்சாங்க. வீட்டுக்குப் போற வழியே தெரியலையாம். இன்னிக்குத்தான் கடைசியாப் பாடுறாராம். ஒரு தடவை திரும்பிப் பாத்துடுங்க. அடுத்த வருஷம் அவருக்கு நீங்க யாருன்னே தெரியாமப் போயிடும்.”

“தெரியாட்டி நல்லது. அவனுக்கும் நிம்மதி.”

“உங்களுக்கு?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கட்டைக்குரல் ஆற்றுப் பாட்டை ஆரம்பித்தார். கூட்டம் எழுந்து நின்றது. முதுகு சார் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்தபடி, காதை மட்டும் பின்னுக்கு அனுப்பி வைத்தார்.

“‘ச’ வர்ற இடத்துல எல்லாம் சீட்டி அடிக்குது,” என்றார் கடுகடுப்பாக. “எவன் செஞ்சான் அந்தப் பல்லை? என்கிட்ட வந்திருந்தா...” மீதியை விழுங்கிவிட்டார்.

முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது சரணத்துக்கு முன்னால், பக்கத்தில் ஒரு பையன் வாசித்த கிதார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாசலில் நின்றது. குரல் வரவில்லை. மறுபடி சுற்றியது. மறுபடியும் வரவில்லை. இதுவும் ஒரு பாணி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. பல்லவியைத் தவிர அந்தப் பாட்டில் வேறெதுவும் இன்றைய கூட்டத்துக்குத் தெரியாது.

மனைவியின் குரல் தணிந்துவிட்டது. “என்னங்க... அண்ணன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறாரு. சுத்திச் சுத்திப் பாக்குறாரு.”

கத்திச் சொன்னால் கேட்காது. ஒலிபெருக்கிகள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கின்றன. கிதார் மூன்றாம் முறையாகச் சுற்றத் தொடங்கியது, இந்த முறை மெதுவாக.

முதுகு சார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். திரும்பி, அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு கிழவர் மைக்கைப் பிடித்தபடி வரிசை வரிசையாக முகங்களைத் துழாவிக்கொண்டிருந்தார். அந்தக் கண்கள் இவரிடம் வந்து நின்றன. இவர் சத்தமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை அகலத் திறந்து குவித்து, உதடு தெரியும்படி சொன்னார்:

‘எங்கள் நிறம் எதுவென்று எங்களைக் கேட்காதே ஆறே.’

கட்டைக்குரல் அந்த வாயையே பார்த்தபடி பாடினார். முதுகு சார் அடுத்த வரிக்கு உதட்டைக் குவித்தார்.