கை பேச்சைக் கேட்கும்

வாடைக்காற்று வலுத்து யாரும் கடலுக்குப் போகாத நாள் என்றால் எனக்குப் பயம். என் அப்பா, நைனா, வீட்டில் இருப்பார். அவர் குடித்துவிட்டுத்தான் அடிப்பார் என்றில்லை. குழம்பு ஆறியிருந்தாலும் அம்மாவை அடிப்பார், கொதித்தாலும் அடிப்பார். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். உட்கார்ந்தால் ஏதோ நடந்துவிடும் என்று தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினேழு வயது. பொன்னேரியிலிருந்து ஒரு இளம்பெண் பஸ் பிடித்து, பழவேற்காட்டில் படகேறி எங்கள் குப்பத்துக்கு வருவார். வலைக் கொட்டகையில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். டீச்சரக்கா என்று கூப்பிடுவோம். ஒருநாள் பலகையை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னிக்கு நாடகம். பொண்ணுங்க புருசன், பசங்க பொண்டாட்டி" என்றார். கொட்டகையே சிரித்தது.

நான் புருசன். எதிர்வீட்டுப் பையன் என் பொண்டாட்டி. அவன் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு சோறு போடுவதுபோல் குனிந்தான். நான் என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

"இன்னாமே, மூஞ்சை அப்டி வெச்சிகினு கீறே? எவன் செத்துட்டான்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எதிர்த்தா பேசறே?" என்று கையை ஓங்கினேன். விரல்களை மடக்கிய விதம், நாக்கைக் கடித்த விதம் எல்லாம் நைனாவுடையது. பையன் நிஜமாகவே தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். சிரிப்பு நின்றுவிட்டது. கையை எப்படிக் கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சரக்கா அவனிடம் கேட்டார். "அந்த நேரம் உனக்கு இன்னா தோணிச்சு?"

"இன்னா தப்பு பண்ணேன்னு தேடிகினு இருந்தேங்க்கா. ஒண்ணும் கெடைக்கல."

பின்னாலிருந்து ஒருவன், "கோவம் வந்தா கை தானா ஓங்குதுக்கா, இன்னா பண்றது?" என்றான்.

"யாவாரி மீன் வெலையைக் கொறச்சா கோவம் வருதில்ல? அவரை அடிப்பியா?"

"அதெப்டிக்கா, அவரைப் போயி..."

"அப்போ கை உன் பேச்சைக் கேக்குதுன்னுதானே அர்த்தம்?"

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் கொட்டகைக் கம்பத்தருகே நின்றிருந்த நைனாவைப் பார்த்தேன். வலை எடுக்க வந்தவர், எடுக்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். நாடகத்தையும் நைனா அதைப் பார்த்ததையும் அம்மாவிடம் சொன்னேன். இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்போது நைனா வந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார்.

"நான் அப்டியா பேசறேன்?"

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகு, "அப்டித்தான் பேசறே" என்றார். எனக்குத் தெரிந்து அம்மா அவருக்குச் சொன்ன முதல் நேர்ப்பதில் அதுதான். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார். அன்று யாருக்கும் அடி விழவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "வயசுப் பொண்ணையும் பசங்களையும் ஒண்ணா வெச்சு இன்னா கூத்து இது?" என்று கேட்டு வகுப்பை நிறுத்தினார்கள். டீச்சரக்கா இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். அப்புறம் வரவில்லை.

நைனா முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பல நாள் கோபம் வந்தால் வெளியே போய்விடுவார். ஒருநாள் போகவில்லை. அம்மாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. நான் இடையில் விழுவதற்குள் வாசலில் எதிர்வீட்டுப் பையன் நின்றான்.

"சித்தப்பா, நெருப்புப் பெட்டி கீதா?"

"பட்டப்பகல்ல இன்னாடா நெருப்புப் பெட்டி?"

"வேணும் சித்தப்பா." அவன் நகரவில்லை. நைனா அவனையே பார்த்தார். அவருடைய கை மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும், கொட்டகையில் ஒன்றாக இருந்த எங்களில் யாராவது போய் எதையாவது கேட்போம். வலை ஊசி, தண்ணீர், தீப்பெட்டி. சில வீடுகளில் திட்டு வாங்கினோம். ஒரு வீட்டுக்கு நேரத்துக்குப் போகவில்லை. அந்த அக்கா உடைந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனவர், திரும்பவே இல்லை.

எனக்குக் கல்யாணம் பேசிய வருடம், கடைசி வரிசை வீட்டில் சத்தம். நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். அம்மா அந்த வாசலில் நின்று, "ஒரு கை உப்பு குடு" என்றார்.

"அப்பால வா, போ" என்று அந்த ஆள் கத்தினான்.

அம்மா அவன் வாசற்படியில் உட்கார்ந்தார். "உப்பு வந்தாத்தான் போவேன். அவளையே எடுத்தாரச் சொல்லு."

அவன் வழியை விட்டு விலகினான். அந்தப் பெண் உப்போடு வந்தாள். அம்மா உப்பை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார்.