மூன்றாவது தரிப்பிடம்

விவாகரத்துக்குப் பிறகு, மகள் வார இறுதிகளில் தகப்பனிடம் போவதென்று சிறுவர் நல அலுவலகத்தில் வைத்து முடிவு செய்தோம். அவர் முகத்தில் முழிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரின் தொங்கு ரயிலில் எட்டு வயது மகளை நான் ஏற்றிவிடுவேன். மூன்றாவது தரிப்பிடத்தில் அவர் இறக்கிக்கொள்வார்.

பல மாதங்கள் பிசகில்லாமல் நடந்தது. ஒரு சனிக்கிழமை அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது தொலைபேசி அடித்தது. பிரிந்தபின் முதல்முறையாக அவர் குரல்.

“வேலையாலை வரச் சுணங்கிப்போச்சு. பிள்ளையைக் காணேல்லை. உம்மட்டைத் திரும்பி வந்தவளோ?”

வீட்டுச் செருப்போடு தரிப்பிடத்துக்கு ஓடினேன். ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் ஒன்றில், ஏற்றிவிட்ட அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். இறுதித் தரிப்பிடம் வரை போய், அந்த ரயிலிலேயே திரும்பி வந்திருக்கிறாள்.

“ஏன் அங்கை இறங்கேல்லை?” என்று கேட்டேன்.

“அப்பா நிக்கேல்லை. நீங்களும் இஞ்சை நிக்காட்டி இன்னொருக்காப் போயிருப்பன்” என்றாள்.

இப்போது நானும் அவளோடு மூன்றாவது தரிப்பிடம் வரை போகிறேன். “வீட்டுப்பாடம் கிடக்கு, செய்விச்சுவிடுங்கோ” என்று அவரிடம் சொல்வேன். “ஓம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. தனியே திரும்பும்போது அவள் இருந்த ஜன்னலோரத்தில் கைப்பையை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்தபடி வருகிறேன்.

— ஒரு வாசகி, வுப்பர்டால்