தவில் அடித்த மெஷின்

எங்கள் கோயில் தலைவராக இருந்தவரை இன்றைக்கு ரோட்டில் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நான் மாத்தளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கோயில் தவில்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், எங்கள் ஊரில் பெண்ணெடுத்தவர். சண்டைக் காலத்தில் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் போதாதா? பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸில் அடைத்துவிட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் போய் நம்ம ஆள்தான் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். தலைவர் தானே போவதாகச் சொன்னார். திருவிழா நெருங்கிவிட்டதால், அவர் வரும் வரை தவில் அடிக்க ஒரு மெஷின் செய்து தரும்படி என்னைக் கேட்டார்.

செய்தேன். லொறி வைப்பர் மோட்டர், ஆணி அடித்த மரச்சக்கரம், பலாப்பலகையில் இரண்டு கைகள். ஒரு கைக்குக் குச்சி. மற்றக் கையின் விரல்களில் மாட்ட, தவில்காரரின் மனைவி அவருடைய விரல்கூடுகளையே கொண்டுவந்து தந்தார்.

"அவரு வர்ற வரைக்கும்தானே அண்ணே?"

"பின்னே? அதுக்குத்தானே செய்றேன்" என்றேன்.

மெஷினுக்குத் தெரிந்தது ஒரே அடி. மாட்டு வண்டி ஓடுவது போல அதையே அடிக்கும். அதைப் பார்க்கவே சனம் கூடியது. கொடியேற்றம் முடிந்தும் தவில்காரர் வரவில்லை. தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"இப்ப என்ன அவசரம்? மெஷின் நல்லாத்தானே அடிக்குது. நம்மளும் போய் ஏன் மாட்டிக்கணும்?" கேட்டுவிட்டு இலையில் மிச்சமிருந்த பொங்கலை வழித்துத் தின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே திரும்பி நடந்தேன்.

மறுநாள் தீபாராதனை நேரம். நேரே போய் மோட்டர் பெல்ட்டை உருவினேன். மரக்கை அந்தரத்தில் நின்றது.

"என்னய்யா செய்றீங்க? போடுங்க!" என்று தலைவர் கத்தினார்.

"அடிக்கிற ஆளு உள்ள இருக்காரு. போய்க் கூட்டிட்டு வாங்க. அது வரைக்கும் இது ஓடாது."

கூடுகளைக் கழற்றி, பெண்கள் பக்கம் நின்ற தவில்காரரின் மனைவியின் கையில் கொடுத்தேன். சனம் முழுவதும் தலைவரையே பார்த்தது.

காலையில் போனார். போகாமல் என்ன செய்வார்? பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னால் தவில்காரரோடு திரும்பிவிட்டார். உள்ளே என்ன நடந்தது என்று தவில்காரரிடம் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. எங்கட ஆள் எண்டு சிங்களத்தில சொன்னார். விட்டிட்டினம்."

இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல ஆளில்லாமல் அந்த மனிதர் அத்தனை நாள் சிமெண்டுத் தரையில் கிடந்தார். இங்கே அவருடைய கூடுகளை மாட்டிக்கொண்டு, நான் செய்த மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.