நிற்காத பாரம்

பட்டறைக் கூரைக்கடியில் கிரேன் ஓடுவது ஒரே நேர்க்கோட்டில்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பிறகு அதே வழியில் திரும்பி வரும். "வளைவு நெளிவுகூட இல்ல, இதுக்குப் போய் இவ்வளவு பெருமையா?" என்று, அதை ஓட்டிய புருஷன் உயிரோடிருந்த நாளில் அவள் அவனைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

மாரடைப்பில் அவன் போனபின், அந்த இருக்கையை அவளுக்கே தருவதாக மேனேஜர் சொன்னார். ஆனால் பரீட்சை உண்டு. தாழத் தொங்கும் இரும்புக் கட்டியைக் கொண்டுவந்து, தரையில் போட்ட வட்டத்துக்கு மேல் நிறுத்த வேண்டும். வட்டத்துக்கு அப்பால் ஒரு முக்காலி, அதில் மேனேஜரின் டீ கிளாஸ். கிளாஸ் பிழைத்தால் கிரேன், உடைந்தால் துடைப்பம். கிரேன் கிடைத்தால் கொழுந்தன் வீட்டுப் பின்னறையை விட்டு, மகளோடு தனியாகப் போய்விடலாம்.

இன்னொரு கிரேனை ஓட்டுகிற அந்தக் கொழுந்தனே கற்றுக்கொடுத்தான். பாரம் மாட்டாமல், வெறும் கொக்கியை உச்சிவரை ஏற்றிவைத்தே பழக்கினான்.

"வட்டத்துக்கு நேரா வந்ததும் பிரேக், அண்ணி. ரொம்ப யோசிச்சீங்கன்னா கெட்டுது."

கொக்கி லேசாக ஆடி அடங்கும். "அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுருவீங்க!" என்பான். அவள் வாடகைக்கு வீடு விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

பரீட்சையன்று சீரான வேகத்தில் வந்தாள். வட்டத்துக்கு நேர்மேலே பிரேக். கிரேன் நின்றது. கட்டி நிற்கவில்லை. பிரேக் பிடித்தது சக்கரத்தைத்தான்; நீளக் கம்பியில் தொங்கிய கட்டிக்கு, வந்த வேகம் அப்படியே இருந்தது. அது முன்னே வீசிப்போய் முக்காலியோடு கிளாஸை அடித்துத் தள்ளியது.

"டீ வேணாம்னா வாயைத் திறந்து சொல்லலாமேம்மா!" என்று எவனோ கத்த, பட்டறையே சிரித்தது.

மேனேஜரும் சிரித்தார். "சரி, அந்தக் கண்ணாடியைக் கூட்டிடும்மா. வேலையை இன்னிக்கே ஆரம்பிச்ச மாதிரி இருக்கட்டும்."

அடுத்து ஏறினான் கொழுந்தனின் மச்சான். வட்டத்துக்கு முன்பே பிரேக் பிடித்தான். கட்டி முன்னே வீசிப்போய், திரும்புமுன் ஒரு கணம் வேகமற்று நின்றது. அந்தக் கணத்தில் கிரேனைச் சற்று நகர்த்தி அதன் தலைக்கு மேல் நிறுத்தினான். கட்டி ஆணியடித்த மாதிரி தொங்கியது. புது கிளாஸில் டீ அலுங்கவில்லை. அவள் முறத்தில் கண்ணாடிச் சில்லுகளோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கொழுந்தனிடம் கேட்டாள். "முன்னாடியே பிடிக்கணும்னு எனக்கு ஏன் தம்பி சொல்லல?"

"நீங்க கேக்கலையே அண்ணி."

ஓரகத்தி உள்ளிருந்தே சொன்னாள்: "என் தம்பிக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குல்லக்கா? உங்களுக்கென்ன, இங்க சோத்துக்குக் குறையா வெச்சோம்?"

கொழுந்தன் தட்டை நீட்டினான். மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பரிமாறினாள்.

பட்டறையில் இப்போது அவளுக்குக் 'கிரேன்காரி' என்று பெயர். மேலே மச்சான் மணியடித்துக்கொண்டு வரும்போதெல்லாம், துடைப்பத்தோடு சுவரோரம் ஒதுங்கி நிற்பாள்.