பரிமளாவின் கைராசி

பரிமளாவால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. பேருந்தில் இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நிற்பாள். ஆரணியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அவளும் நானும் ஒரே பேருந்தில்தான் போகிறோம். "உக்காருடி, டிரைவர் உன்ன விட்டுட்டு ஓடிட மாட்டாரு" என்று நான் சொல்லாத நாள் குறைவு. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அசையாமல் உட்காருவாள். பட்டு இழையோடு பட்டு இழையை முறுக்கி இணைக்கிற வேலை. அதற்காகத்தான் எங்கள் ஆய்வகத்தில் அவளை எடுத்தார்கள்.

உயிரிப் பொறியியலும் நோய் எதிர்ப்பியலும் சேர்ந்த ஆய்வகம். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆறாத புண்ணின் மேல் வைப்பதற்காகப் பட்டு இழையில் விரல்நகம் அளவுக்கு ஒரு வலை கட்டுகிறோம். அதை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா, வெளியாள் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வருமா என்று பார்க்கிறோம். சண்டைக்கு வருவது வெள்ளணுக்கள். அவற்றைத் தட்டில் வளர்த்து, வேளை தவறாமல் ஊட்டம் கொடுத்து, உயிரோடு வைத்திருப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும். என் மாமியாருக்குச் செய்ததைவிட அந்தச் செல்களுக்கு நான் அதிகம் செய்திருக்கிறேன். இது மாமியாருக்கும் தெரியும்.

பரிமளாவின் அப்பா பழனி தறி நெய்கிறார். அம்மா கற்பகம் பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. அது தீர்ந்ததும், பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் நுனியைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நுனிகள். பள்ளிக்கூடம் படிக்கிறபோதே பரிமளா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பாதிப் பாவை முடித்துவிடுவாளாம். பிறகு பி.எஸ்சி. படித்தாள், வேலை தேடினாள், எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

ஆய்வு இளவரசனுடையது. பெரணமல்லூர் பக்கத்துப் பையன். அவன் அம்மா இன்றைக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். வருகிற மார்ச்சோடு உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் முனைவர் பட்டத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவன் கட்டிய வலைகள் தட்டில் போட்ட மறுநாளே பிரிந்துபோயின. என்னுடைய வெள்ளணுக்கள் எதையும் கண்டுகொள்ளாமல் தூங்கின. பட்டு உடம்புக்குச் சாது என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம், அதை எழுதி யாரிடம் பட்டம் வாங்குவது?

பரிமளா வந்தாள். வலை கெட்டியாக நின்றது. அதோடு இன்னொன்றும் நடந்தது. வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டன. திருவிழாக் கூட்டம் மாதிரி வலையைச் சுற்றி மொய்த்தன. மற்றவர்கள் கட்டிய வலையில் அந்த ஆட்டம் இல்லை, பரிமளா கட்டியதில் மட்டும் இருந்தது. எங்கள் பேராசிரியர் ஜீவானந்தம் சார் துள்ளிக் குதிக்காத குறை. புண்ணுக்கு ஆகாவிட்டால் என்ன, தடுப்பூசியோடு இந்த வலையை வைத்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமே என்று திட்டத்தையே திருப்பிவிட்டார். நெசவாளர் முறுக்கின் வடிவம்தான் செல்களை எழுப்புகிறது என்று ஒரு கொள்கையும் தயாரானது. இளவரசன் அதைக் கட்டுரையாக எழுதத் தொடங்கினான். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து விசாரித்து மின்னஞ்சல்கூட வந்தது.

அன்றிலிருந்து பரிமளாவுக்குக் கைராசிக்காரி என்று பெயர். மகள் கல்யாணத்துக்கே நாள் பார்க்காத ஜீவானந்தம் சார், "அந்த வலைய பரிமளா கையால கட்டட்டும்" என்பார். மாணவர்கள் புது இயந்திரம் வந்தால் முதலில் அவளைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருத்தி கட்டினால் மட்டும் ஒன்று நடக்கிறதென்றால் ஏன் என்று கேட்பதற்குத்தானே நமக்கெல்லாம் சம்பளம்? ஆனால் நானும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செல்களுக்கு ஊட்டம் மாற்றிக்கொண்டிருந்தேன். பரிமளா வீட்டு நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். நாக்கை நீட்டினாள். நாக்கு அரக்கு நிறத்தில் இருந்தது.

"இன்னாடி, வெத்தல போட்டியா?"

"இல்லக்கா. அம்மாவோட ஒக்காந்து அரக்குப் பாவு பெணச்சேன். சாயம் சரியா புடிக்கல போல, நாக்குல ஏறிகிச்சு. கண்ணாடியில பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சி."

"பாவு பெணச்சா நாக்குல எப்டி சாயம் ஏறும்?"

"நுனி வழுக்காம நிக்கறதுக்கு விரல நாக்குல தொட்டுக்குவோம்க்கா. நெனச்சி செய்யறதில்ல, கை தானா போவும்." அவள் கண் கலங்கிவிட்டது. "இங்கியும் அப்டிதான் தொட்டுகினு இருந்திருக்கேன். இங்க வெள்ளப் பட்டு, நாக்குல ஒண்ணும் தெரியல."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். வலை கட்டுவது சுத்த அறைக்கு வெளியே, சாதாரண மேசையில். கையுறை போட்டால் இழை ஒட்டிக்கொள்கிறது என்று வெறுங்கையால் கட்டச் சொன்னது நாங்கள்தான். பிறகு ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைக்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டோம். வேகவைத்தால் எச்சிலில் இருக்கிற கிருமி சாகும். ஆனால் செத்த கிருமியின் மேலுறையில் இருக்கிற நஞ்சு அந்தச் சூட்டுக்கும் அழியாது. அது துளி இருந்தால் போதும், வெள்ளணுக்கள் அலறிக்கொண்டு எழும். முதல் வருஷ மாணவனுக்கே நாங்கள் நடத்துகிற பாடம் இது. பட்டைச் சோதித்தோம், தண்ணீரைச் சோதித்தோம், கட்டி முடித்த வலையை மட்டும் சோதிக்கவில்லை. அவள் நாக்கைத் தொடுவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். ஆரணியில் பிறந்தவர்களுக்கு அது கண் இமைக்கிற மாதிரி, கண்ணில் படவே படாது.

"இளவரசன் அண்ணாவுக்கு எப்டிக்கா சொல்றது?" என்றாள்.

"மொதல்ல பாக்கலாம். அழுவாத, எரிச்சலா வருது."

மூன்று விதமாக வலை கட்டினோம். ஒன்று அவள் நாக்கைத் தொட்டு, ஒன்று சுத்தமான நீரைத் தொட்டு, மூன்றாவதற்கு நான் இழையை என் நாக்கில் தொட்டுக் கொடுக்க அவள் கட்டினாள். முடிவு தெரிகிற வரைக்கும் அவள் சோறு சரியாகத் தின்னவில்லை. தாழ்வாரத்தில் நடந்தாள், குடுவைகளைக் கழுவியதையே திரும்பக் கழுவினாள், "ஆயிடுச்சாக்கா, ஆயிடுச்சாக்கா" என்று என் உயிரை எடுத்தாள். கடைசியில் நீர் தொட்ட வலையில் செல்கள் நிம்மதியாகத் தூங்கின. எச்சில் தொட்ட இரண்டிலும் ஒரே ரகளை. என் வாய்க்கும் அதே ராசி இருந்தது.

இளவரசனிடம் நானே சொன்னேன். பரிமளா பக்கத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் பேசுவதற்காக அவன் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

"இது எத்தினி பேருக்குத் தெரியும்?" என்றான்.

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்ப மூணு பேரோட போவட்டும்க்கா. வெள்ளிக்கெழம முடிஞ்சிடட்டும். எங்கம்மா தெருவுல எல்லாருக்கும் சொல்லிகினு திரியுது, எம்புள்ள டாக்டரு ஆவப் போறான்னு."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சரி, போகட்டும் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பரிமளாதான் பேசினாள். 

"அண்ணா, நாளைக்கு இத நம்பி யாராவது ஒரு ஒடம்புல வெப்பாங்கண்ணா."

இளவரசன் கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. தொலைபேசி அணைத்துக் கிடந்தது. ஜீவானந்தம் சார் கேட்டபோது ஊருக்குப் போயிருக்கிறான் என்று சமாளித்தேன். பரிமளா என்னிடம், "அவரு சொல்லலன்னா நான் எந்திரிச்சி சொல்லிடுவேன்க்கா" என்றாள். சொல்லிவிட்டு, "சொன்னா அவரு என்னை எப்பவும் மன்னிக்க மாட்டாரு இல்ல?" என்றும் கேட்டாள்.  பேருந்தில் அவள் ஏறிய இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தான். தாடி வளர்ந்திருந்தது, சட்டை மட்டும் இஸ்திரி. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குழுவில் ஐந்தாறு பேர், ஜீவானந்தம் சார் முன்வரிசையில் சிரித்த முகமாக இருந்தார். இளவரசன் முதல் படத்தைப் போட்டான். செல்கள் மொய்க்கிற படம். ஒருவர் "பலே" என்றார். பரிமளா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

இளவரசன் தண்ணீர் குடித்தான். பிறகு, "இந்த முடிவு தப்பு" என்றான். அடுத்த படமாக நீர் தொட்ட வலையைப் போட்டான். முந்தின நாள் நான் பென்டிரைவில் போட்டு அவனுடைய மேசையில் வைத்துவிட்டு வந்த படம், காலையில் வந்து எடுத்திருக்கிறான். கட்டி முடித்த வலையைச் சோதிக்காமல் விட்டது தன் பிழை என்றான். வலையில் எச்சில் பட்டிருந்தது என்றான், யாருடைய எச்சில் என்று சொல்லவில்லை. ஒருவர் குடைந்து குடைந்து கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் பரிமளா சும்மா இருப்பாளா? எழுந்து, "என்னுதுங்க சார்" என்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜீவானந்தம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு வருஷம் வேலை செய்து புதிதாக எழுத வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. அந்த ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை கிடையாது.

மதியம் நானும் பரிமளாவும் பின்பக்கத் தொட்டியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இளவரசன் தொலைபேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்தம்மாவுக்கு வயலில் கூப்பிட்டுப் பழகிய குரல், தொலைபேசியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"யார்ரா கெடுத்தது? நாம மேல வர்றது பொறுக்காம எவனாவது கெடுத்துட்டானா?"

பரிமளாவின் கையில் குடுவை அப்படியே நின்றது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

"யாரும் கெடுக்கலம்மா" என்றான் இளவரசன். "தப்பா எழுதிக் குடுக்க இருந்தேன். கூட வேல செய்யற பொண்ணு தடுத்துச்சி."

 "அது யாரு வூட்டுப் பொண்ணுடா?" என்றது அந்தக் குரல்.

"ஆரணி. தறிக்காரங்க வூட்டுப் பொண்ணு."

"நல்லா இருக்கட்டும். நீ போய் சாப்புடு."

பரிமளா தொட்டியின் விளிம்பில் தலையை வைத்து அழுதாள். தண்ணீர் அவள் தலைமுடியை நனைத்துக்கொண்டிருந்தது. நான் குழாயை மட்டும் மூடினேன்.